ஆறு இலக்கம்

போன தையில்
பாமணி ஆற்றுக்குள் விழுந்த போன்
மூன்று நாள் அரிசிப் பானையில் கிடந்தும்
பிழைக்கவில்லை.
அவசரத்துக்கு வேறொரு சிம் போட்டுக்கொண்டேன்,
பழையதை அப்புறம் மீட்கலாம் என்று.
அதற்குள் கம்பெனிக்காரன்
யாருக்கோ பட்டா மாற்றிக் கொடுத்துவிட்டான்.
தண்டோரா இல்லை, நோட்டீஸ் இல்லை.
பதினோரு வருஷம் நான் குடியிருந்த எண்.

மாற்றித் தாருங்கள் என்று போனேன்.
மாற்றலாம் சார், என்றான்
கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பையன்.
பழைய நம்பருக்கு ஒரு ஓடிபி போகும்,
அதைச் சொன்னால் போதும்.
பழைய நம்பர் என்னிடம் இல்லையே, தம்பி.
அப்படின்னா முதல்ல
நம்பரை மாத்திட்டு வாங்க.

தமிழுக்கு இரண்டு என்றாள் போனில் ஒருத்தி.
இரண்டை அமுக்கினேன்.
இந்தியில் நன்றி சொன்னாள்.
பிறகு ஒரு வயலின்.
எங்கள் அழைப்பு உங்களுக்கு முக்கியம் என்றோ
உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்றோ
என்னவோ சொன்னாள்.
நாற்பது நிமிஷம்.
ஒரு கட்டு நாற்று நட்டிருக்கலாம்.

கொள்முதல் நிலையத்தில் நூற்றுப்பத்து மூட்டை குறுவை.
அதன்மேல் வாடகைத் தார்ப்பாய்.
அதற்கும் மேலே, கறுத்துக்கொண்டு, ஐப்பசி.
பதிவு செய்ய ஆறு இலக்கம் வேண்டும்.
ஆறும் பழைய எண்ணுக்குத்தான் போகும்.

வேறு வழியில்லாமல்
என் எண்ணுக்கு நானே போன் போட்டேன்.
மணி அடித்தது.
பூட்டிவிட்டு வந்த வீட்டுக்குள்
விளக்கு எரிவது போல இருந்தது.

கூத்தாநல்லூர் மஹமூதா. தையல் கடை.
"நீங்கதானா அந்த வீரசேகரன்?
உங்க சிலிண்டர் நேத்தே வந்துருச்சு.
நகைக் கடன் வட்டி இருபத்தெட்டாம் தேதி கடைசி.
அப்பறம்,
உங்க பொண்ணு நேத்து ஸ்கூலுக்குப் போகலையாம்."

நகைக் கடன் இளவஞ்சிக்கே தெரியாது.
பொண்ணு சங்கதி எனக்கே தெரியாது.

டிராக்டர் டிரெய்லர் மேல் ஏறினால்தான் டவர்.
ஏறி நின்றேன்.
அவள் ரெண்டு ரெண்டாகப் படித்தாள்,
ஜாக்கெட்டுக்கு அளவு சொல்லிப் பழகிய வாய்:
"முப்பத்தாறு.
இருபத்தெட்டு.
பதினாலரை... இல்ல, இல்ல, பதினாலு."
அந்த அரைக்குள் நேரம் முடிந்துவிட்டது.
மீண்டும் முயற்சிக்கவும்.
தார்ப்பாயில் முதல் துளி.
"நாப்பது. பதினொண்ணு. சைபர் ஆறு."
பதிவு வெற்றி என்றது பச்சை எழுத்து.
ஈரப்பதம் இருபத்தொன்று என்றது
இன்னொரு மிஷின். அது வேறு கதை.

அதற்கப்புறம் பேங்குக்கு ஒன்று,
உர மானியத்துக்கு ஒன்று, ரேஷனுக்கு ரெண்டு.
நான்காவது தடவை
இளவஞ்சி பக்கத்தில் நின்று கேட்டுவிட்டாள்.
எவளோ ஒருத்தி
என் காதில் மெதுவாக அளவு சொல்கிறாள்.
"யாரோட அளவு?" என்றாள்.
கவர்மெண்டோடது என்றேன்.
நம்பவில்லை.
நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.
போனைப் பிடுங்கிப் பேசினாள், அரைமணி நேரம்.
வைக்கும்போது
அவளுக்கு நகைக் கடன் தெரிந்திருந்தது.

மாசிக்குள் எல்லாம் மாறிவிட்டது,
பேங்க் ஒன்றைத் தவிர.
அங்கே சர்வர் எப்போதும்
சாப்பிடப் போயிருக்கிறது.

ஜூன் ஒன்று, காலை.
என் பழைய எண் என்னைக் கூப்பிட்டது.
"பேங்க்ல உங்களுக்குப்
பிறந்தநாள் வாழ்த்து அனுப்பிருக்காங்க.
படிக்கவா?"
அது ஸ்கூல்ல சேர்க்கும்போது
வாத்தியார் போட்ட தேதிங்க, என்றேன்.
நிஜத் தேதி எங்கள் வீட்டில்
எவருக்கும் தெரியாது.
"இருக்கட்டுமே" என்று
முழுசாகப் படித்தாள்,
கடைசி வரியையும் விடாமல்:
இது தானியங்கிச் செய்தி,
தயவுசெய்து பதில் அளிக்க வேண்டாம்.

அவள் பின்னால் யாரோ
மிஷின் மிதித்துக்கொண்டிருந்தார்கள்.
ரொம்ப நன்றிங்க, என்றேன்.